தேவ சித்தம் என்று நான் எழுதியவை

உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

"இந்தக் காலத்து ஆட்கள் கஷ்டமான கேள்விகள் கேட்கிறார்கள். அவற்றுக்கு நம்முடைய விசுவாசம் என்ன பதில் சொல்கிறது என்று உங்கள் அனுபவத்திலிருந்து நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்று உங்கள் பயிற்சிக்குப் பொறுப்பானவர் என்னிடம் கேட்டார். நாலு பக்கத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றால் அது கஷ்டமான கேள்வியே இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். வாசித்துவிட்டு "கிழவனுக்கு இன்னும் திமிர் அடங்கவில்லை" என்று சொல்லப்போகிறவர்கள் இப்போதே சொல்லிவிடலாம். அடங்கவில்லைதான்.

பிரசங்கம் எப்படித் தயாரிப்பது, ஞானஸ்நான வகுப்பை எப்படி நடத்துவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது என்னுடைய இரண்டு பிழைகளை. ஒன்று சிரிப்பதற்கு. மற்றதற்கு என்னால் இன்றுவரை சிரிக்க முடியவில்லை.

அறுபத்து நாலில் என்னை றக்வானைப் பக்கம் போட்டார்கள். நாலு தேயிலைத் தோட்டங்கள். ஒரு தோட்டத்தில் மட்டும் தகரக் கூரை போட்ட சின்ன ஆலயம். மற்ற மூன்றிலும் யாராவது ஒரு தொழிலாளியின் லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டின் ஒற்றை அறையில், பாய் விரித்து ஜெபம். பஸ் கிடைத்தால் பஸ், இல்லாவிட்டால் கால். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. அந்த வயதில் அது ஒரு வியாதி, உங்களில் சிலருக்கும் இருக்கலாம்.

மனிதன் சந்திரனில் இறங்கிவிட்டான் என்று ரேடியோ சொன்ன வாரம், லயத்தில் எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். அங்கே போனவன் வானத்தில் ஆண்டவரைக் கண்டானா என்று கொழுந்து எடுக்கும் பெண்கள்கூடக் கேட்டார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, சந்திரன் என்பது ஆண்டவர் ஏற்றி வைத்த விளக்கு, அதில் ஒருவனும் கால் வைக்க முடியாது, இது அகங்காரம் பிடித்தவர்கள் கட்டிவிட்ட கதை என்று அடித்துப் பேசினேன். சபை "ஆமென்" சொன்னது. எனக்கும் புளகாங்கிதமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை றக்வானை டவுனுக்குப் போனேன். அங்கே மளிகைக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், என்னைக் கண்டதும் பேப்பரை எடுத்துக் கல்லாவின் மேல் விரித்தார்.

"என்ன உபதேசியார், மனுசன் நடக்க ஏலாதுன்டு செல்லீக்கிறீங்களாம். இந்தா பாருங்க, போட்டோ போட்டீக்கி."

பார்த்தேன். கொழுகொழு என்று ஒரு உடுப்பு, பக்கத்தில் கொடி. என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை, அவரே பாவப்பட்டு ஒரு பிளேன்டீ வரவழைத்தார்.

"வெக்கப்படாதீங்க. எங்கட பக்கத்திலயும் ஒருத்தர் இதத்தான் செல்லிட்டுத் திரியிறார். ரெண்டு பேரும் சேந்து ஒரு சங்கம் வைக்கலாம்."

இதிலிருந்து நான் படித்திருக்க வேண்டிய பாடம் சுலபமானது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாதே. நான் அதைப் படிக்கவில்லை. சூடு கண்ட பூனை வேறொரு பாடம் படித்தது: பேப்பரைக் கொண்டுவந்து யாரும் பொய்யென்று காட்ட முடியாத சொற்களை மட்டும் சொல். அப்படி ஒரு சொல் என் கைக்கு ஏற்கெனவே பழக்கமாகத்தான் இருந்தது. தேவ சித்தம்.

இனி இரண்டாவது பிழை.

நம்முடைய ஆலயங்களில் அடக்கப் புத்தகம் ஒன்று இருக்கிறதே, புதைக்கப்பட்டவர்களின் பெயர் எழுதுவது, அதில் பெயர், வயது, தொழில், லயம் எல்லாவற்றுக்கும் பிறகு "மரணத்தின் காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு. காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று எழுதுவேன். பிரசவம் என்றால் பிரசவம். காரணம் தெரியாதபோது, அல்லது கேட்டு அறிய நேரமில்லாதபோது, "தேவ சித்தம்" என்று எழுதுவேன். முதலில் எப்போதாவது ஒன்று. பிறகு கை பழகிவிட்டது. எழுதுவதற்கு அழகாகவும் இருந்தது.

எழுபத்து மூன்றின் கடைசியில் பஞ்சம் வந்தது. உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள், சொல்வார்கள். கூப்பன் அரிசி குறைந்தது. மாவு லொறி வரும் என்பார்கள், வராது. காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் வாசித்தால்தான் அன்றைக்கு வேலை. அதைப் பேர் விழுகிறது என்று சொல்வோம். வாரத்தில் ஆறு நாள் விழுந்த பேர் மூன்றாகி இரண்டானது. பலாக்கொட்டை, மரவள்ளி, காட்டுக் கிழங்கு, அதுவும் தீர்ந்தபோது தழை. எங்கள் பெண்கள் மலையை விட்டுக் கீழே இறங்கி சிங்களக் கிராமத்தில் வீடு வீடாக "கொஸ் கெடியக் தென்ன அம்மே" என்று ஒரு பலாக்காய்க்கு நின்றார்கள். அந்த அம்மாக்களும் தங்களுக்கே வழியில்லாமல் இருந்தவர்கள், ஆனாலும் பாதியை வெட்டிக் கொடுத்தவர்கள் உண்டு.

என் புத்தகத்தில் பக்கம் நிறைந்தது. பெரும்பாலும் பிள்ளைகள், வயதானவர்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டால் "சோகை" என்பார்கள். எனக்கு அதுவும் நம்பிக்கையாக இல்லை, வேறு சொல்லவும் துணிவில்லை. ஆகவே வரிசையாக தேவ சித்தம், தேவ சித்தம், தேவ சித்தம்.

மேல் டிவிஷனில் எஸ்தர் என்று ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். புருஷன் கொழும்புப் பக்கம் வேலை தேடிப் போனவன், செய்தியே இல்லை. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ரூத், ஆறு வயது. இளையவன் சாமுவேல், இரண்டரை. அந்தச் சாமுவேல் ஒரு புதன்கிழமை காலையில் செத்துப்போனான். தேயிலைப் பெட்டிப் பலகையில் பெட்டி அடித்து அன்று பத்து மணிக்கே புதைகுழிக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் ஏழெட்டுப் பேர், ஆண்கள் நாலு பேர். நான் எப்போதும் சொல்வதைச் சொன்னேன். கர்த்தருடைய சித்தம் நிறைவேறியது, அவருடைய சித்தத்தைக் கேள்வி கேட்க நமக்கு அதிகாரம் இல்லை என்றேன்.

"ஐயா, ஒன்னு கேக்கலாங்களா?"

எஸ்தர்தான். அழவில்லை. ரூத்தை இடுப்பில் வைத்திருந்தாள். ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைக்கிறாளே, நடக்க முடியவில்லையோ என்று நான் அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"கேளும்மா" என்றேன்.

"அவரு சித்தம்னு ஒங்களுக்கு எப்பிடிங்க தெரியும்? ஒங்ககிட்ட வந்து சொன்னாருங்களா?"

கூட்டத்தில் ஒரு பெரியம்மா "அடியே, வாய மூடு" என்றாள். எஸ்தர் மூடவில்லை.

"எம்புள்ள நாலு நாளு 'ரொட்டிம்மா, ரொட்டிம்மா'ன்னு கேட்டான். அஞ்சாவது நாளு கேக்கவும் இல்ல. மாவு இல்லாம செத்தாங்க. இந்தத் தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். அத ஏன் அவரு மேல போடுறீங்க? அவரு என்னங்க பண்ணுனாரு?"

பிள்ளைகளே, நான் அதற்குப் பிறகு படித்தவர்களோடு எவ்வளவோ வாதாடியிருக்கிறேன். ஆண்டவர் இல்லை என்று நிரூபிக்க வந்தவர்கள், விஞ்ஞானம் போதும் என்றவர்கள், மதம் முதலாளிக்குக் காவல் நாய் என்றவர்கள். ஒருவரும் எஸ்தர் மாதிரி என்னை அடித்ததில்லை. ஏனென்றால் அவள் ஆண்டவரைத் தாக்கவில்லை. என்னிடமிருந்து அவரைக் காப்பாற்ற நின்றாள். பத்து வருஷமாக நான்தான் அவர் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன் என்று ஒரு கொழுந்து எடுக்கிற பெண் குழிக்கரையில் நின்று சொன்னாள். மண் போட்டார்கள். நான் முடிவு ஜெபத்தை எப்படிச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

நேரே டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே டிஸ்பென்சராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். சைவக் குடும்பம், ஆனால் தான் எதையும் கும்பிடுவதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை. தோட்டத்தில் எல்லாரும் டொக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைச் சீண்டுவதில் அவருக்குக் கொள்ளைப் பிரியம், எனக்கும் அவரோடு வாதாடப் பிடிக்கும். அன்றைக்கும் அவர் வழக்கப்படியே ஆரம்பித்தார்.

"வாங்கோ உபதேசியார். உங்கட ஆண்டவர் நல்லவர், எல்லாம் செய்ய வல்லவர் எண்டு சொல்லுறியள். பிறகு அந்தப் பொடியன் ஏன் செத்தவன்? ஒண்டு அவர் நல்லவரில்லை, இல்லாட்டி வல்லவரில்லை. ரெண்டில ஒண்டைச் சொல்லுங்கோ."

"அதப் பிறகு பேசுவம். நீங்க உங்க புத்தகத்துல என்ன எழுதினீங்க?"

"சோகை."

"சோகையா?"

"பொய் எண்டு சொல்லேலாது. உடம்பில ரத்தம் இல்லைத்தானே."

"ஏன் இல்ல?"

அவர் மருந்துப் போத்தல்களைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்தவைதான்.

"சாப்பாடில்லை" என்றார் கடைசியில். "எனக்குத் தெரியாதெண்டே நினைக்கிறியள்? பட்டினி எண்டு எழுதக்கூடாதெண்டு மேலையிருந்து உத்தரவு. எனக்கும் ஊரில மனுசி பிள்ளையள் இருக்கினம்."

"படிச்ச மனுஷன். விஞ்ஞானம், உண்மை என்று எவ்வளவு பேசுவீங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் வந்திருந்தது.

"நான் சோகை எண்டு எழுதுறன். நீங்கள் தேவ சித்தம் எண்டு எழுதுறியள். என்ன வித்தியாசம், சொல்லுங்கோ பாப்பம்?"

ஒரு வித்தியாசமும் இல்லை. ஒருவன் நம்பாதவன், ஒருவன் நம்புகிறவன், இரண்டு பேரும் ஒரே பிள்ளையின் சாவை ஒரே துணியால் மூடிவைத்திருந்தோம். அவர் மூடியது பயத்தால் என்று அவருக்காவது தெரிந்திருந்தது. நான் என்னுடையதை பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து ஆலயத்துக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். சாமுவேல். ஆண். இரண்டரை வயது. காரணம் என்ற கட்டத்தில் "பட்டினி" என்று எழுதினேன். வீரம் என்று நினைக்காதீர்கள், பயந்துகொண்டேதான் எழுதினேன்.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தோட்டங்களில் நடந்த மரணங்களைப் பற்றி விசாரிக்க, மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வெள்ளிக்கிழமை வருகிறார் என்ற செய்தி வந்தது. டிஸ்பென்சரிப் புத்தகம் சுத்தமாக இருந்தது. ஆலயத்திலும் ஒரு புத்தகம் இருப்பதாக யாரோ தொரையின் காதில் ஓதிவிட்டார்கள். தொரை என்றால் தோட்டத்தை நடத்தும் சுப்பிரிண்டென். செவ்வாய்க்கிழமை என்னைப் புத்தகத்தோடு பங்களாவுக்கு அழைத்தார். அவரும் கிறிஸ்தவர்தான். டவுனில் இங்கிலீஷ் ஆராதனைக்குப் போவார், முன் வரிசையில் உட்காருவார்.

புத்தகத்தை விரித்து விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்தார்.

"உபதேசி, நீ டொக்டரா?"

"இல்லைங்க தொரை."

"டொக்டர் சோகை சொல்றான். நீ எப்படி வேறே எழுதும்? இதை வெட்டு. மேலே எழுதினது போலே எழுது. தேவ சித்தம். நல்ல வார்த்தை. எனக்கும் புடிக்கும்."

அந்தக் கடைசி வார்த்தைகள்தான் என்னை நிமிர்த்தின. அவருக்குப் பிடிக்கிறதாம். பிடிக்காமல் என்ன செய்யும்? மாவு வராததற்கும் பேர் விழாததற்கும் ஒருவரும் பொறுப்பில்லை, எல்லாம் வானத்தில் முடிவானது என்று ஒரு உபதேசியார் கைப்பட எழுதிக் கொடுத்தால் எந்தத் தொரைக்குத்தான் கசக்கும்?

"வெட்ட மாட்டேனுங்க" என்றேன்.

"நீ இருக்கிற வீடு யார் வீடு?"

"தோட்டத்து வீடுங்க."

"சர்ச் நிக்கிற இடம்?"

"தோட்டத்து இடமுங்க. புத்தகம் மட்டும் சபை புத்தகம்."

வியாழக்கிழமை வரைக்கும் யோசிக்கச் சொன்னார். புதன்கிழமை எனக்கு மேலே இருந்த குருவானவர் இரத்தினபுரியிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினார். நல்ல மனிதர். அவரைப் பற்றிக் குறை எழுத எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் எழுதியாக வேண்டும். அவர் பயந்தது தனக்காக இல்லை, ஆலயத்துக் கதவைப் பூட்டிவிடுவார்களே என்றுதான்.

"தம்பி, இது அடக்கப் புத்தகம். இதில் அரசியல் எதற்கு? துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதல் சொல்வது நம் வேலை."

"ஐயா, ஆண்டவர் பசியோடு இருந்த கூட்டத்தைக் கண்டபோது ஆறுதல் சொன்னாரா? புல்லில் உட்காரச் சொல்லிவிட்டு சாப்பாடு அல்லவா கொடுத்தார்? அவர்களுடைய பசிக்கு அவர் ஒரு காரணமும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை."

"உமக்கு வீடு போகும்."

"போகட்டும் ஐயா."

"சபைக்கு ஆலயம் போகும்."

முந்தின இரவு முழுக்க என்னைத் தின்ற கேள்வி அதுதான். என் வீட்டைப் பணயம் வைக்க எனக்கு உரிமை உண்டு, முப்பது குடும்பங்களின் ஆலயத்தை வைக்க உண்டா? இதைப் பற்றி யாராவது உங்களுக்கு ஒரே வரியில் விடை சொன்னால் நம்பாதீர்கள். நான் குருவானவரிடம் சபையைக் கேட்கிறேன் என்றேன். ஆனால் கேட்பதற்கு முன்னாலேயே எஸ்தர் வந்துவிட்டாள். ரூத்தை இடுப்பில் அல்ல, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

பிள்ளையின் முகம் ஊதியிருந்தது. காலை அமுக்கினால் குழி அப்படியே நின்றது. சாமுவேலுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம்.

"டொக்டரய்யா சோகைன்னு துண்டு எழுதிக் குடுத்தாருங்க. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சோகைன்னா மாத்திர குடிச்சா போதும்னு பாக்கெட்டு குடுத்து அனுப்பிட்டாங்க. வயித்துல ஒன்னும் இல்லாம மாத்திரய எப்பிடிங்க குடிக்கிறது? வாட்டுல சேக்கணும்னா டொக்டரய்யா துண்டுல வேற மாதிரி எழுதணுமாம்."

குருவானவர் பிள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் குடையை எடுத்து எஸ்தரின் தலைக்கு மேல் பிடித்தார். வெளியே மழை. நான் அடக்கப் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். மூன்று பேரும் டிஸ்பென்சரிக்கு நடந்தோம்.

டிஸ்பென்சர் எங்களைக் கண்டதுமே எழுந்துவிட்டார்.

"உபதேசியார், எனக்குக் கரச்சல் குடுக்காதேங்கோ. தொரை நேற்றுத்தான் கூப்பிட்டுச் சொன்னவர்."

"என்னையும் கூப்பிட்டார்" என்று சொல்லிப் புத்தகத்தை விரித்து அவர் மேசையில் வைத்தேன். "அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டீங்களே, என்ன வித்தியாசம் என்று. இதுதான் வித்தியாசம். நான் எழுதிட்டேன். இனி நீங்க."

அவர் அந்தச் சொல்லை வாசித்தார். நிறைய நேரம் வாசித்தார், நாலெழுத்துச் சொல்தான், அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. எஸ்தர் ரூத்தை அவர் மேசையின் மேலேயே படுக்கவைத்தாள். பிள்ளையின் ஊதின கால் என் புத்தகத்தில் இடித்தது.

"நீங்கள் சாமியை நம்பிறியள், அதால துணிவு வருகுது. எனக்கு ஆரிருக்கினம்?" என்றார்.

குருவானவர்தான் பதில் சொன்னார். "நாங்கள் இருக்கிறோம் டொக்டர். எழுதுங்கள். என் பெயரையும் சாட்சியாகப் போடுங்கள்."

அன்று காலையில் என்னிடம் ஆறுதலைப் பற்றிப் பேசின அதே மனிதர். டிஸ்பென்சர் துண்டை எடுத்து இங்கிலீஷில் எழுதினார். "வாசியுங்க, அவளுக்குக் கேக்கட்டும்" என்றேன். போதிய உணவின்மை, உயிருக்கு ஆபத்து, உடனே வார்டில் சேர்க்கவும் என்று தமிழில் வாசித்தார். தேயிலை லொறி இரத்தினபுரிக்குப் போகத் தயாராக நின்றது. துண்டைக் காட்டினதும் சாரதி ஒன்றும் கேட்காமல் எஸ்தரையும் பிள்ளையையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டான்.

அன்று பின்னேரம் சபையைக் கூட்டினேன். ஆலயத்தைப் பூட்டுவார்கள், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வாயை மூடு என்று குழிக்கரையில் எஸ்தரை அதட்டின அதே பெரியம்மா எழுந்து, "பூட்டுனா பூட்டட்டும். லயத்துல பாய் இல்லையா?" என்றாள். அதோடு கூட்டம் முடிந்தது. வியாழக்கிழமை பங்களாவுக்குப் போய், வெட்டவில்லை என்று தொரையிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை கச்சேரி உத்தியோகத்தர் வந்தார். சின்ன வயது, கண்ணாடி போட்டவர், தமிழ் வாசிக்கத் தெரிந்தவர். ஆலயத்து வாங்கில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினார். சாமுவேலின் வரியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு அவருடைய விரல் அந்தப் பக்கத்தில் மேலே போனது, அதற்கு முந்தின பக்கத்துக்குப் போனது. நெற்றியைச் சுருக்கினார்.

"இந்த 'தேவ சித்தம்' என்பது என்ன நோய், ஐயா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

"நோய் இல்லைங்க. அது நான் சொன்ன பொய்" என்றேன்.

"இதில் எத்தனை பேர் பட்டினியால்?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டிருக்கவில்லை. யார் பசியால் போனது, யார் வயிற்றோட்டத்தால் போனது, யார் உண்மையிலேயே வயது முதிர்ந்து போனது என்று அந்தக் கட்டம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதற்காகவே இருந்த கட்டம். அந்த வாங்கில் உட்கார்ந்து நான் பட்ட வெட்கத்தை யாருக்கும் விரும்பமாட்டேன். சந்திரனைப் பற்றிய வெட்கம் ஒரு பிளேன்டீயோடு போனது. இது போகவில்லை.

கடைசியில் லயங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். அன்று பேர் விழாதவர்கள்தான் அதிகம், வந்தார்கள். நான் ஒவ்வொரு பெயராக வாசித்தேன். அவரவர் வீட்டுப் பெண்கள் எழுந்து நின்று சொன்னார்கள். "அது வயித்தோட்டமுங்க." "அப்பாவுக்கு வயசாகிருச்சு, ஆனா கடசி ஒரு மாசம் தழதானுங்க தின்னாரு." "அது பசிங்க." "அது பசிதாங்க." உத்தியோகத்தர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் அந்தப் புத்தகத்தில் பழைய சொற்களை வெட்டவில்லை. பக்கத்தில் வேறு மையால் அவர்கள் சொன்னதை எழுதினேன். பொய்யும் அங்கேயே இருக்கட்டும், பிறகு வருகிறவன் பார்க்கட்டும் என்று விட்டேன்.

அந்த அறிக்கைக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் மாவு கொஞ்சம் வந்தது. எங்களால்தான் வந்தது என்று நான் மார்தட்டமாட்டேன். ஆலயத்தைப் பூட்டவில்லை. என்னை மட்டும் வரக்காப்பொலப் பக்கம் மாற்றினார்கள். டிஸ்பென்சருக்கும் வேறு தோட்டம். போகும்போது "இப்பவும் நான் உங்கட ஆண்டவரை நம்பேல்லை. ஆனா உங்களோட ஒரு வாங்கில இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதைவிடப் பெரிய ஞானஸ்நானம் எதையும் நான் கொடுத்ததில்லை.

நீங்கள் பெரிய கேள்விகளுக்குப் பயப்படுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். பரிணாமம், கருத்தடை, மற்ற மதங்கள், இப்படி ஒரு பட்டியலே வைத்திருக்கிறீர்களாம், ஒவ்வொன்றுக்கும் மனப்பாடமாக ஒரு விடையும். கேள்வி கேட்கிறவனை விசுவாசத்தின் எதிரி என்று நினைக்கிறவன் கையில் நான் ஒரு சபையையும் கொடுக்கமாட்டேன். உண்மையைச் சொன்னால் ஆண்டவர் விழுந்துவிடுவார் என்று பயந்தால், நீங்கள் தூக்கிப் பிடித்திருப்பது ஆண்டவரை இல்லை. என்னை இந்த வேலையிலிருந்து யாரும் இனி நீக்க முடியாது, ஓய்வு பெற்றாகிவிட்டது. அதனால் கூசாமல் சொல்கிறேன்.

ரூத் பிழைத்துவிட்டாள். ஆறு வாரம் வார்டில் இருந்து, கன்னம் வற்றி, சொந்தக் காலில் நடந்து வந்தாள். நான் மாறிப் போவதற்கு முந்தின ஞாயிறு எஸ்தர் தன் காம்பராவில் ஒரு ஜெபம் வைக்கச் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு பேர். சீனியில்லாத தேத்தண்ணி. ரூத் எல்லாருக்கும் கோப்பை கொண்டுவந்து கொடுத்தாள்.

வயதான கங்காணி ஒருவர் கண்ணீரோடு, "ஆண்டவரு இந்தப் புள்ளயக் காப்பாத்திட்டாரு. அவருக்குத் தோத்திரம்" என்றார். எல்லாரும் தோத்திரம் என்றார்கள். எஸ்தர் சொல்லவில்லை.

"இவளக் காப்பாத்துனாருங்க, சரி" என்றாள் என்னைப் பார்த்து. "அப்ப அவன ஏன் காப்பாத்தல?"

எனக்குள்ளே படித்த விடைகள் நாலைந்து எழுந்து வந்தன, எல்லாம் நன்றாகத் தேய்த்த விடைகள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

"தெரியலம்மா" என்றேன்.

கங்காணி அதிர்ந்துபோனார். "என்னங்க உபதேசியாரய்யா, நீங்களே தெரியலைன்னா எப்பிடி? வேற யாராவது ஜெபம் பண்ணட்டும்."

எஸ்தர் அவர் பக்கம் திரும்பினாள்.

"வேணாம் மாமா. தெரிஞ்சவங்க பண்ணுன ஜெபமெல்லாம் நாங்க கேட்டாச்சு. தெரியலைன்னு சொல்றவரு பண்ணட்டும்."

முழங்காலில் நின்றோம். சாமுவேலின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன்.